அரியலூர்க் கடலைக் காப்பது யார் கடன்?

பெரம்பலூர் மாவட்டத்தில் காரைக்கும் குளக்காநத்தத்துக்கும் இடைப்பட்ட நிலம் உழவுக்கு ஆகாதது. மஞ்சளும் சாம்பலுமாக வெடித்துக் கிடக்கும் களிமண் மேடுகள். மழைநீர் அரித்து ஆழப்படுத்திய எண்ணற்ற ஓடைகள். அவற்றின் சரிவுகளில் வெயில் பட்டுப் பளபளக்கும் ஜிப்சத் தகடுகள். அக்கரட்டு நிலத்தில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கு, ஒருமுனை கூர்ந்த விரற்கடைக் கற்கள் தென்படும். கணவாய் மீனுக்கு உறவான பெலம்னைட் என்னும் கடலுயிரின் உள்ளோடுகள் அவை. வட்டமாகச் சுருண்ட அம்மோனைட்டின் துண்டு, சுறாவின் பல், கடற்புழுக்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட சுண்ணக் குழல் ஆகியனவும் அங்கே கிடைக்கும். இன்றைய கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே கிடக்கும் இம்மண், ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடித்தளமாய் இருந்தது. அதற்குச் சான்று தேடி எங்கும் செல்ல வேண்டியதில்லை. சான்று காலடியிலேயே கிடக்கிறது.

காலடியில் கிடப்பதனாலேயே அது கேட்பாரற்றுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதே நம் கவலை. பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் இப்படிவப் பாறைகள், கிரிட்டேசியஸ் எனப்படும் அக்காலத்துக் கடல்வாழ்வை அறிவதற்கு உலகம் நாடும் இடங்களுள் ஒன்று. காவிரிப் படுகையின் இந்தப் பகுதியைப் பற்றி நூற்றெண்பது ஆண்டுகளாக ஆய்வுகள் வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவு இருந்தும், அந்த மண்ணில் பிறந்து வளரும் பள்ளிப் பிள்ளைக்குத் தன் ஊர்க் கல்லைப் பற்றி ஒரு பக்கமேனும் படிக்கக் கிடைப்பதில்லை.

தொல்லுயிரியல் என்பது கல்லான உடல்களைத் திரட்டிப் பேழையில் அடுக்கிவைக்கும் பொழுதுபோக்கன்று. ஓர் உயிர் இறந்து கடலடிச் சேற்றில் வீழ்கிறது. அழுகித் தீரும் முன்னரோ இரையாகும் முன்னரோ சேறு அதை மூடிக்கொண்டால், அதன் ஓடோ எலும்போ தப்புகிறது. மேன்மேலும் படியும் வண்டலின் பாரத்தால் சேறு இறுகிக் கல்லாகிறது. ஊறிவரும் நீர் பழைய ஓட்டைக் கரைத்துப் புதிய கனிமத்தை அங்கே நிறைக்கிறது. பல்லாயிரத்தில் ஒன்றுக்கே இவ்வாய்ப்பு வாய்க்கும். வாய்த்ததை நாம் கண்டெடுக்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, இது என்ன உயிர் என்பதன்று. இது எந்த அடுக்கில் கிடந்தது, இதற்கு மேலே என்ன, கீழே என்ன, உடன் கிடந்தவை எவை என்பதே. அந்த விடைகளோடு சேர்ந்த சிறு சிப்பித் துண்டு ஒரு காலத்தையே பேசும். அவ்விடைகளை இழந்த அம்மோனைட், எத்துணை முழுமையாக இருந்தாலும், மேசைக்கு அழகு தரும் கல் மட்டுமே. அரியலூரில் நாள்தோறும் நாம் இழந்துகொண்டிருப்பது கற்களை மட்டுமன்று, இந்த விடைகளையும்தான்.

இவ்வறிவு நமக்கு எவ்வாறு கிட்டியது என்பதை நினைவுகூர்வது தகும். 1840களின் தொடக்கத்தில், சென்னை ஆட்சிப் பணியிலிருந்த கேய் என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரிக்கு அருகிலும் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பகுதியை நடந்தே அளந்து, 1862இல் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவ்வகுப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. பின்வந்தோர் நுண்ணிதாகப் பிரித்து, காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நினியூர் எனச் சிற்றூர்ப் பெயர்களையே பாறைகளுக்குச் சூட்டினர். பேருந்து அரிதாய்ச் செல்லும் ஊர்களின் பெயர்கள் உலகெங்கும் உள்ள நிலவியல் நூல்களில் அச்சாகியிருப்பதை அவ்வூரார்க்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

பிளான்ஃபோர்டும் அவர் தோழர்களும் திரட்டிய செல்வத்தை ஆராய்ந்து நூலாக்கும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்காவிடம் வந்தது. மொராவியாவில் 1838இல் பிறந்து, வியன்னாவில் பயின்று, இருபத்து நான்கு வயதில் கல்கத்தா வந்தவர் அவர். அம்மோனைட்டுகளில் தொடங்கி நத்தைகள், இருவோட்டுச் சிப்பிகள், பவளங்கள், கடல்முள்ளெலிகள் எனத் தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிரினங்கள் அனைத்தையும் பத்தாண்டுகளில் நான்கு பெருந்தொகுதிகளாக எழுதி முடித்தார். ஒவ்வோர் ஓட்டின் வரையையும் வளைவையும் ஓவியமாகத் தீட்டுவித்து, ஒவ்வொன்றும் எவ்வூர் அருகே கிடைத்தது என்பதைத் தவறாது குறித்தார். 1874இல் யார்க்கண்ட் சென்ற தூதுக்குழுவோடு மீளும் வழியில், லடாக்கின் உயர்மலைகளில் மூச்சுத் திணறி, முப்பத்தாறாம் வயதில் மாண்டார். லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு. அவர் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலுத்தியது இந்தக் காவிரிப் படுகைப் பாறைகளுக்கு. இங்கே அவர் பெயரை அறிந்தார் சிலரே. அவர் ஆராய்ந்த மூல மாதிரிகள் கல்கத்தாவில் இருக்கின்றன. ஃபோர்ப்ஸ் ஆராய்ந்தவை இலண்டனில் இருக்கின்றன. 1890களில் வியன்னாவின் ஃபிரான்ஸ் கொஸ்மாட்டும் இப்பாறைகளின் உயிரினங்களைப் பற்றிப் பேராய்வு ஒன்றை எழுதினார். நம் கடலின் கதையை அயலார் அக்கறையோடு எழுதினர். அது குறித்து நாம் நன்றியே பாராட்ட வேண்டும். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய கடமை நம்முடையது.

தொடர்வதற்கு என்ன மிச்சம் என்று வினவுவோர் நினியூரைப் பார்க்கட்டும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூவுலகின் உயிர்வாழ்வு பேரழிவுக்கு உள்ளானது. விண்கல் ஒன்று மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் வீழ்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு இலட்சக்கணக்கான சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பை மூடியது. பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் மறைந்தன. கடலில் முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் செழித்த அம்மோனைட்டுகள் ஒன்றுகூட எஞ்சாமல் அற்றுப்போயின. அரியலூர்த் தொகுதிப் பாறைகளில் அம்மோனைட்டுகள் வரிசை வரிசையாகக் கிடைக்கின்றன. அதற்கு மேலுள்ள நினியூர்ப் பாறையில் அவை இல்லை. ஆனால் அவற்றின் தொலைவுறவான நாட்டிலஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்கோகிளோசா அங்கே கிடைக்கிறது. ஒரே கடல், ஒரேவகையான அறைகள் கொண்ட ஓடு, ஒரேவகையான மிதக்கும் திறன். ஒன்று அழிந்தது, மற்றது தப்பியது. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியனவாய்க் கடலின் மேற்பரப்பில் மிதந்து வளர்ந்தன என்றும், அழிவின் கொடுமை மேற்பரப்பையே முதலில் தாக்கியது என்றும், நாட்டிலசின் பெரிய முட்டைகள் ஆழத்தில் பொரிந்தமையால் அவ்வினம் பிழைத்தது என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். இன்று கடல்நீர் புளித்துவரும் சூழலில் எவ்வுயிர் நிற்கும், எவ்வுயிர் வீழும் என்று உலகம் கணித்துக்கொண்டிருக்கிறது. அக்கணிப்புக்குக் கடந்தகாலம் தரக்கூடிய சான்றுகளுள் சில, அரியலூரிலிருந்து சிறிது தொலைவில் மண்ணுக்குள் இருக்கின்றன.

இப்பகுதியில் நாம் அடைந்த இழப்புகளுள் மிகப் பெரியது கல்லமேட்டில் நேர்ந்தது. கடல் பின்வாங்கிய காலத்தில் ஆறுகள் கொணர்ந்த வண்டலால் ஆனவை கல்லமேட்டுப் பாறைகள். அவ்விடத்து எலும்புகளைப் பற்றி 1929இலேயே நிலவியலாளர் மேட்லி எழுதியிருந்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கண்டெடுத்த எலும்புகளைக் கொண்டு 1987இல் புருகத்காயோசாரஸ் மேட்லியி என்ற புதிய டைனோசரை அறிவித்தனர். அதன் கணைக்கால் எலும்பு 2 மீட்டர் நீளம். அர்ஜென்டினாவின் பேருருவாகப் போற்றப்படும் அர்ஜென்டினோசாரசின் கணைக்கால் எலும்போ ஏறத்தாழ ஒன்றரை மீட்டரே. முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்டு, பின்னர் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என உணரப்பட்ட இவ்விலங்கு, நிலத்தில் நடந்தவற்றுள் எல்லாம் பெரியதாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இருந்திருக்கலாம் என்ற ஐயத்தோடு நாம் நிற்க வேண்டியிருப்பதன் காரணம் வருத்தத்துக்குரியது. அந்த எலும்புகள் இன்று இல்லை. மண்ணுக்குள் ஈரம் ஊறி நொய்ந்திருந்த அவை, ஆய்வகத்தின் பாதுகாப்பை எட்டும் முன்னரே உதிர்ந்து சிதைந்தன. எஞ்சியவை களத்தில் எடுத்த ஒளிப்படங்களும் அளவுக் குறிப்புகளும் கோட்டோவியங்களுமே. அவற்றைக் கொண்டு எழுதப்பட்ட முதற்கட்டுரையை அயல்நாட்டு அறிஞர் சிலர் நம்ப மறுத்தனர். கல்மரத்தை எலும்பென்று மயங்கினரோ என்றும் ஐயுற்றனர். பல்லாண்டுகளுக்குப் பின், 2022இல், அய்யாசாமி இடம்பெற்ற கட்டுரை ஒன்றில் அந்தப் பழைய ஒளிப்படங்கள் வெளியானபோதே ஐயம் பெரிதும் நீங்கியது. ஒளிப்படத்தை எவரும் மீண்டும் அளக்க இயலாது. வெட்டி அதன் திசுவைப் பார்க்க இயலாது. தோண்டியெடுக்கும் முன்பே எலும்பின் மேல் பிசின் பூசி இறுக்கி, சாக்குத் துணியும் சுதைமாவும் கொண்டு கட்டி, சுற்றிலுமுள்ள மண்ணோடு பெயர்த்தெடுக்கும் முறை தொல்லுயிரியலாளர் அனைவரும் அறிந்ததே. வேண்டியது கருவியும் ஆளும் அவகாசமும். பிழை எந்த ஒரு மனிதருடையதும் அன்று. இத்துணைப் பெரிய எலும்பை எதிர்கொள்ள ஆயத்தமாக நாட்டில் களக்குழு இல்லாமையே பிழை.

கல்லமேட்டின் வளம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. அவ்விடத்து மண்ணைச் சலித்து எடுத்த சிறு பற்கள் 2013இல் இரண்டு செய்திகளைத் தந்தன. ஒன்று, மடகாஸ்கரில் வாழ்ந்த சிமோசூக்கஸ் என்ற குறுமூக்கு முதலையை ஒத்த உயிரின் பல். மற்றொன்று, வடகண்டங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட ட்ரூடான்டிட் என்னும் சிறு டைனோசர்க் குடும்பத்தின் பல்லாக அறிவிக்கப்பட்டது. இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் கழிந்த பின்னும் இரு நிலங்களின் உயிர்களிடையே உறவு எவ்வாறு நீடித்தது? ஆசியாவோடு இணையும் முன்னரே வடதிசை உயிர்கள் இங்கே எவ்வாறு வந்தன? நெல்மணியினும் பெரிதாகாத பற்கள் எழுப்பும் வினாக்கள் இவை. பேருருவின் எலும்பை இழந்த மண், சல்லடைக்கு இன்னும் விடை சொல்கிறது.

அடுத்து, சுண்ணாம்புக்கல். இதில் நாம் நடுநிலையோடு பேச வேண்டும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை, கிரிஃபியா, இனோசெரமஸ் என்னும் தடித்த சிப்பிகள் கோடிக்கணக்கில் குவிந்து இறுகியது. அதுவே அரியலூரைத் தமிழகச் சிமெண்ட் தொழிலின் நடுவிடமாக்கியது. சிப்பியை உடைத்துப் பொடித்து, களிமண்ணோடு சேர்த்து, 1,450 பாகை செல்சியஸ் வெம்மையில் சுட்டு, கிளிங்கராக்கி, ஜிப்சம் கலந்து அரைத்தால் சிமெண்ட். நம் வீடுகளும் பாலங்களும் பள்ளிக்கூடங்களும் அந்தக் கடலின் ஓடுகளால் எழுந்தவை. இத்தொழிலால் பல்லாயிரம் குடும்பங்கள் உண்கின்றன. சுரங்கமே கூடாதென்பது நம் கருத்தன்று. சுரங்கம் இல்லாவிடில் பாறையின் உட்பகுதியை நிலவியலாளர் இத்துணைத் தெளிவாகக் கண்டிருக்கவும் முடியாது; வெட்டி இறக்கிய ஒவ்வொரு படிக்கட்டும் அவர்க்குத் திறந்த ஏடு. ஆனால் அவ்வேடு திறந்த மறுநாளே வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. எவரும் படித்து, வரைந்து, மாதிரி எடுக்கும் முன்னரே லாரியில் ஏறி அரைவைக்குப் போய்விடுகிறது. கல் தீர்ந்தபின் கைவிடப்பட்ட குழியில் நீர் தேங்கி, எஞ்சிய சுவரும் மறைகிறது.

கல்லக்குடி என்ற ஊர்ப்பெயரை மீட்க 1953இல் தண்டவாளத்தில் படுத்துப் போராடியவர்கள் தமிழர்கள். அவ்வூரைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பவளத்திட்டு. பெயரின்மீது கொண்ட அந்த உரிமையுணர்வு, பெயரைத் தாங்கிய கல்லின்மீதும் எழ வேண்டும்.

மக்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்வது பொய். 2020 அக்டோபரில் குன்னம் அருகே குளம் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்ற செய்தி ஒரே நாளில் மாநிலமெங்கும் பரவியது; மக்கள் திரண்டனர். அவை முட்டைகள் அல்ல, கடல் வண்டல் அம்மோனைட்டுகளைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்று நிலவியலாளர் விளக்கினர். விளக்கம் வந்ததும் ஆரவாரம் அடங்கிற்று. அடங்கியிருக்க வேண்டியதில்லை. முட்டை இல்லாவிட்டாலும் அம்மோனைட் இருந்ததே! ஊர்க்குளத்துக்கு அடியில் பழங்கடல் இருக்கிறதென்பது முட்டையினும் பெரிய செய்தி. அதை அன்று கூடிய பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்ல ஓர் ஆசிரியரும் ஒரு சிறு நூலும் இருந்திருந்தால், வதந்தி வந்த வழியிலேயே அறிவும் வந்து சேர்ந்திருக்கும்.

காக்க முடியாதென்பதும் பொய். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில், பிரெஞ்சு அறிஞர் சொனரா 1781இலேயே குறித்த கல்மரங்கள், வேலியிட்ட தேசியக் கல்மரப் பூங்காவில் இன்றும் கிடக்கின்றன. பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம், கடலடியில் வந்து படிந்த நிலையிலேயே, தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகக் காக்கப்படுகிறது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று எழுந்திருக்கிறது. இவை பாராட்டத்தக்கவை. கல்லில் சுருண்ட அம்மோனைட்டைச் சாளக்கிராமமென்று பூசையறையில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக நீராட்டும் மரபு நம் நாட்டில் உண்டு. கண்டகி ஆற்றங்கரையின் கல்லைப் போற்றத் தெரிந்த மக்களுக்கு ஊட்டத்தூர் ஓடையின் கல்லைப் போற்றுவது அரிதாகாது. எனினும் வேலி சூழ்ந்த ஓரிரு மரங்களைக் காத்துவிட்டு, வேலியற்ற நூற்றுக்கணக்கான சதுரக் கிலோமீட்டரைக் கைவிடுவது காவலாகாது. காரைக் கரட்டில் இன்று எவரும் சாக்குப்பையோடு சென்று அள்ளிவரலாம், அள்ளியதை விற்கலாம், தடுப்பார் இல்லை.

புதைபடிவங்களைக் காப்பதற்கென்றே தனியொரு சட்டம் இந்நாட்டில் நெடுங்காலம் இல்லாமலேயே கழிந்தது. நிலவியல் நினைவுச்சின்னம் என்று ஆய்வுத்துறை அறிவிக்கலாம். அறிவித்த இடத்தைச் சிதைப்போரைத் தண்டிக்கும் வலிமை அவ்வறிவிப்புக்கு இல்லை. 2022 திசம்பரில் நடுவண் சுரங்க அமைச்சகம் நிலவியல் மரபிடங்களையும் எச்சங்களையும் காக்கும் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. அதிகாரம் முழுவதையும் ஒரே துறையிடம் குவிக்கிறது, பல்கலைக்கழக ஆய்வாளரின் கையைக் கட்டுகிறது என்ற குறைகூறல்கள் எழுந்தன. அக்குறைகள் மெய்யானவை, திருத்தத்தக்கவை. மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் இடம்பெறும் குழுவிடம் அதிகாரத்தைப் பகிர்ந்தளித்து, ஆய்வுக்காக எடுப்பதற்கும் விலைக்காக எடுப்பதற்கும் வேறுபாடு வகுத்து அதனைச் சட்டமாக்குவது நடுவணரசின் கடன்.

மாநில அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் குத்தகையைப் புதுப்பிக்கும்போதும் புதிதாக வழங்கும்போதும், பாறையடுக்கு முழுவதும் தெரியும் ஒரு சுவரையேனும் வெட்டாமல் விடவேண்டுமென்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். வெடிவைக்கும் முன் படிக்கட்டுகளை ஒளிப்படமெடுத்து அளந்து மாதிரி திரட்டத் திருச்சிராப்பள்ளி, சேலம், சென்னைப் பல்கலைக்கழகங்களின் நிலவியல் மாணவர்களுக்கு முறைவைத்து அனுமதி தரலாம். இதனால் எந்த ஆலையின் ஒருநாள் உற்பத்தியும் குறையாது. செலவுக்கும் வழியுண்டு. 2015இல் திருத்திய கனிமச் சட்டத்தின்படி, சுரங்கக் குத்தகையாளர் தம் உரிமத்தொகையோடு ஒரு பங்கைச் சேர்த்து மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்துகின்றனர். சுரங்கம் சூழ்ந்த மக்களின் கல்விக்கு முன்னுரிமை தரவேண்டுமென்பது அந்நிதியின் விதி. அரியலூர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் மண்ணின் வரலாற்றைத் தமிழில் தரும் நூலும், ஊரார் கண்டெடுத்ததைக் கண்ட இடத்தின் குறிப்போடு பெற்றுப் பதிந்துகொள்ளும் காப்பகமும் அவ்விதிக்குள் தாராளமாக அடங்கும். வாரணவாசி அருங்காட்சியகத்தையே அக்காப்பகமாக விரிவாக்கலாம். தொல்லுயிரியல் கற்ற அலுவலர் ஒருவரை அங்கே நிலையாக அமர்த்தினால் தொடக்கத்துக்குப் போதும். ஸ்டொலிச்காவின் மூல மாதிரிகளின் துல்லிய அச்சுகளையேனும் கல்கத்தாவிலிருந்து பெற்று அங்கே வைக்கலாம்.

இவை அனைத்துக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கல்லமேட்டில் அந்தப் பேரெலும்புகள் கிடைத்த இடத்தை நிலவியல் ஆய்வுத்துறை அறியும். ஒரு விலங்கின் சில எலும்புகள் கிடைத்த படுகையில் அதன் பிற எலும்புகளோ, அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்றோ கிடக்கக்கூடும். வடகிழக்குப் பருவமழை நனைத்த மண் மாசி, பங்குனியில் காய்ந்துவிடும். அந்த வறண்ட மாதங்களில், சுதைமாவும் பிசினும் பாரந்தூக்கியும் முன்கூட்டியே களத்தில் இருக்க, ஆய்வுத்துறையும் மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் ஒன்றுசேர்ந்து அவ்விடத்தை முறைப்படி மீண்டும் அகழ வேண்டும். கிடைப்பது எதுவாயினும் அரியலூரிலேயே வைத்துக் காக்க வேண்டும். அதற்கான ஆணை வரும் நிதியாண்டுக்குள் பிறக்க வேண்டுமென்று வலியுறுத்துகிறோம்.